ஒன்பது ஆட்டுக்கல்: ஊர் மியூசியத்துக்கு எந்த வழியில் பொருள் சேர்ப்பது?

தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் வாசகசாலையின் மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. ஒன்றில் பழைய செய்தித்தாள் கட்டுகள், இன்னொன்றில் கூட்டம் நடந்தால் மட்டும் கீழே இறங்கும் நாற்காலிகள். போன வருடம் வளைகுடாவில் வேலை செய்யும் ஊர்ப்பையன்கள் சேர்ந்து ஐந்து லட்சம் ரூபாய் அனுப்பி, "ஊருக்குன்னு ஒரு மியூசியம் வைங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஏழு பேர் கொண்ட கமிட்டி அமைந்தது. கணக்கு எழுதும் வேலை எனக்கு.

எங்கள் பக்கத்தில் மியூசியம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது பத்மநாபபுரம் அரண்மனைதான். பள்ளிக்கூட நாட்களில் வரிசையாக நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிய இடம். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மண் ஒரு மாநிலம், கூரை இன்னொரு மாநிலம். அங்கே பொருளைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. மூலிகைக் கட்டிலும் சுவரோவியங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன, பார்க்க வருகிறவர்கள்தான் மாறினார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு காலி அறை, ஒரு பாஸ்புக்.

முதல் கூட்டத்தில் எல்லாரும் "என்ன வைப்பது" என்றுதான் பேசினார்கள். கமிட்டியில் இருந்த ரிட்டயர்டு டீச்சர் மட்டும் கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதினார்: கேட்டு வாங்குவது, விலைக்கு வாங்குவது, இரவல் வாங்குவது, செய்யச் சொல்லி வாங்குவது. "எந்த வாசல் வழியா வருதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. உள்ள வந்த பிறகு அந்தப் பொருள் நம்மள எப்படி ஆட்டி வைக்கும்கிறது அதுலதான் இருக்கு" என்றார். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

காசு செலவாகாத வழி என்பதால் கேட்டு வாங்குவதில் தொடங்கினோம். வாசகசாலைப் பலகையில் ஒரு அறிவிப்பு, வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. மூன்று வாரத்தில் ஒன்பது ஆட்டுக்கல், நான்கு அம்மி, ஒரு உரல், பாடாத இரண்டு ரேடியோ வந்து சேர்ந்தன. வீட்டுக்கு வீடு மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு, முற்றத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் கல்லைத் தள்ளிவிட ஒரு மரியாதையான இடம் தேவைப்பட்டிருக்கிறது. அது நாங்களாக அமைந்துவிட்டோம். ஒவ்வொரு கல்லையும் மாடிப்படி ஏற்ற நான்கு ஆள், ஒரு ரவுண்டு டீ. மாடித் தளம் தாங்குமா என்று ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. இலவசம் என்பது வாசல்வரைதான்.

நன்கொடையைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. உலகத்தின் பெரிய மியூசியங்கள் பலவும் நன்கொடையில் முளைத்தவைதான். ஹைதராபாத்தின் சாலார் ஜங் மியூசியம் முழுக்க ஒரு குடும்பத்தின் சேகரிப்பு. மூன்றாம் சாலார் ஜங் 1949இல் இறந்தார், 1951இல் அவருடைய மாளிகையிலேயே மியூசியம் திறந்தது. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் நாட்டுக்கு எழுதிவைத்த பொருள்களிலிருந்து 1753இல் தொடங்கியது. அதுவும் சும்மா இல்லை. வாரிசுகளுக்கு 20,000 பவுன் கொடுக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். கேட்டு வாங்குவதில் சிக்கலே இந்த "ஆனால்" என்ற சொல்லில்தான்.

கிளாஸ்கோ நகரத்துக்கு வில்லியம் பரெல் என்ற கப்பல் முதலாளி 1944இல் தன் சேகரிப்பைக் கொடுத்தார். நகரத்துப் புகை பொருளைக் கெடுத்துவிடும், ஆகவே நகர மையத்திலிருந்து 16 மைல் தள்ளிக் கட்டடம் கட்ட வேண்டும், வெளிநாட்டுக்கு இரவல் அனுப்பக் கூடாது என்று நிபந்தனை. தோதான இடம் கிடைக்காமல் இழுத்து இழுத்து, 1983இல்தான் கட்டடம் திறந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற ஒரு வரியை நீக்க 2014இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டியிருந்தது. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்ற அம்மாள், தான் வைத்தபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். 1990இல் அங்கிருந்து 13 பொருள்கள் திருட்டுப் போயின. படங்கள் போன பிறகும் சில வெற்றுச் சட்டங்கள் அதே சுவரில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

எங்களுக்கும் ஒரு "ஆனால்" வந்தது. ஒரு குடும்பத்தார் தங்கள் பூட்டனாரின் எண்ணெய்ச்சாய ஓவியத்தைத் தர முன்வந்தார்கள். நல்ல ஓவியம், திருவிதாங்கூர் காலத்துத் தலைப்பாகை, கையில் புத்தகம். ஆனால் அது வாசலுக்கு நேரே, எக்காலமும், வேறு படம் பக்கத்தில் இல்லாமல் தொங்க வேண்டும். எங்கள் அறையின் நீளம் பதினாறடி. கமிட்டியில் நான்கு பேர் சரி என்றோம். டீச்சர், "அப்புறம் இது வாசகசாலை மியூசியம் இல்ல, அவுக வீட்டு முன்னறை" என்றார். மறுத்துவிட்டோம். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களில் யாருக்கும் அழைப்பு வரவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சின்ன ஊரில் மறுப்பதற்கும் விலை இருக்கிறது.

அதன் பிறகுதான் அரைப்பக்கத்துக்கு ஒரு சேகரிப்புக் கொள்கை எழுதினோம். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் செய்யப்பட்ட அல்லது புழங்கிய பொருள்; யார் செய்தது, யார் வீட்டில் இருந்தது என்று கொடுப்பவரால் சொல்ல முடிய வேண்டும்; அதே மாதிரி ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருக்கக் கூடாது; நிபந்தனை கூடாது; தேவைப்பட்டால் வேறு இடத்துக்கு மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு. கொடுப்பவர் கையெழுத்துப் போட்ட நன்கொடைக் கடிதம் கட்டாயம். இந்த அரைப்பக்கத்தைக் காட்டி எட்டு ஆட்டுக்கல்லைத் திருப்பி அனுப்பினோம். ஒன்பதாவது தங்கியது. அந்த வீட்டுப் பாட்டி, அது கல்சிற்பிகளின் ஊரான மயிலாடியில் கொத்தியது, தன் கல்யாணச் சீரோடு மாட்டு வண்டியில் வந்தது, வழியில் வண்டியின் அச்சு முறிந்து ஒரு ராத்திரி முழுக்கப் பாதையில் கிடந்தது என்று அரைமணி நேரம் சொன்னார். அதை ஒரு பேரன் போனில் பதிவு செய்தான். கல்லை விட அந்த அரைமணி நேரம் கனமானது என்று எனக்குத் தோன்றியது.

வெளிநாட்டில் நன்கொடை இவ்வளவு பெருகுவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஓவியத்தைக் கொடுத்தால் அதன் மதிப்புக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும். பிரிட்டனிலும் பிரான்சிலும் வாரிசு வரிக்குப் பதிலாக ஓவியத்தையே கொடுக்கலாம். 1973இல் பிக்காசோ இறந்த பிறகு வாரிசுகள் வரிக்குப் பதில் கொடுத்த படைப்புகளால்தான் பாரிசின் பிக்காசோ மியூசியம் உருவானது. நம் நாட்டில் நன்கொடைக்கான வரிக் கழிவு பணத்துக்குத்தான், பொருளுக்கு இல்லை. ஆகவே இங்கே கொடுப்பவர் பாசத்துக்காகக் கொடுக்கிறார், அல்லது இடத்தை அடைக்கிறது என்று கொடுக்கிறார்.

அடுத்து விலைக்கு வாங்குவது. பையன்கள் பணம் அனுப்பியபோது மனதில் வைத்திருந்தது இதைத்தான். ஒருநாள் ஒரு பழம்பொருள் வியாபாரி வந்தார். துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு பாவை விளக்கு, முழங்கை உயரம். கொண்டையும் காதணியும் பார்த்தால் பழையது என்று நம்பத் தோன்றும். ஒன்றே முக்கால் லட்சம் கேட்டார். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டோம். "ஒரு பழைய தறவாட்டுல இருந்து, அண்ணாச்சி. பேப்பர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கமிட்டியில் பாதிப்பேருக்கு விளக்கிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்கும்தான்.

அந்த "அப்புறம்" எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் கதை ஒன்றே போதும். நித்திய பூஜை நின்று பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தச் சோழர் காலச் செப்புத் திருமேனியை 2008இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். சிலை 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்பதுபோலக் காகிதங்களும் கொடுத்தார். அவை பொய். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே சிலையைக் கொண்டுவந்து இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வல்லுநர்களும் வக்கீல்களும் நிறைந்த ஒரு தேசியக் கலைக்கூடமே காகிதத்தை நம்பி ஏமாந்தது. நாங்களோ காகிதமே இல்லாமல் வாங்க இருந்தோம்.

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், உலோக வேலைப்பாடு எல்லாம் தொல்பொருள். சுவடி என்றால் 75 ஆண்டே போதும். சில வகைத் தொல்பொருள்களை வைத்திருப்பவர் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவே முடியாது. வியாபாரியிடம் உரிமம் கேட்டோம். விளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு, "நாளைக்கு வாறேன்" என்று போனார். இன்னும் அந்த நாளை வரவில்லை.

நேர்மையாக வாங்குவதிலும் கஷ்டம் இருக்கிறது. லண்டன் தேசிய ஓவியக் கூடம் 1824இல் ஆங்கர்ஸ்டைன் என்ற வங்கியாளரின் 38 ஓவியங்களை 57,000 பவுனுக்கு வாங்கித்தான் தொடங்கியது. ஒரு நாட்டின் கஜானா பின்னால் இருந்தது. இன்றைய விலைக்குப் பெரிய இடங்களே மூச்சு வாங்குகின்றன. 2016இல் ரெம்பிராண்ட் வரைந்த ஒரு கணவன் மனைவியின் ஜோடி ஓவியங்களை வாங்க, பாரிசின் லூவ்ரும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியமும் கூட்டுச் சேர்ந்து 16 கோடி யூரோ கொடுத்தன. படங்கள் இரண்டு ஊருக்கும் மாறி மாறிப் போகும். இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு கிணறு வெட்டிக்கொள்வது மாதிரி.

விலைக்கு வாங்குவதன் பெரிய வசதி, பொருள் முழுக்க நம்முடையது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் சின்ன ஊரில் இதற்கு வேறொரு பக்கம் உண்டு. லேஸ் பின்னும் ஒரு வயதான அம்மையிடமிருந்து அவர் பயன்படுத்திய திண்டையும் நூல் சுற்றும் மரக் குச்சிகளையும் விலை கொடுத்து வாங்கினோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் பாதிரியார் குடும்பத்துப் பெண்கள் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த வேலை அது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் மட்டும் என்றிருந்த எத்தனையோ பெண்களின் கையில் காசு புரண்டது அதனால். அந்த அம்மைக்குக் கொடுத்த தொகை நியாயமானது, நூறு ஆண்டுக்கு உட்பட்ட பொருள், ரசீதும் உண்டு. ஆனாலும் மறுவாரமே சும்மா கொடுத்தவர்களில் இரண்டு பேர் வந்தார்கள். "அவுகளுக்கு காசு, எங்களுக்கு நன்றிக் கடிதமா?" நியாயமான கேள்விதான். ஒருமுறை விலை கொடுத்தால் ஊரில் எல்லாப் பொருளுக்கும் விலை வந்துவிடுகிறது. பெரிய மியூசியங்களில் கொள்முதல் குழு என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது: விலை சரியா என்று பார்க்க மட்டுமல்ல, கேள்வி வந்தால் ஒருவர் தலையில் விழாமல் இருக்கவும்.

இரவல்தான் மூன்றாவது. இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு கசப்பு. பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் விழாக் கண்காட்சிக்காக எங்கள் வீட்டிலிருந்த பழைய புகைப்படங்கள் பதினொன்றைக் கொடுத்தேன். தாத்தா, அவருடைய சகோதரர்கள், 1950களின் ஒரு ஊர்வலம். ரசீது கேட்கக் கூச்சப்பட்டேன், தெரிந்தவர்கள்தானே என்று. விழா முடிந்தது, பொறுப்பாளர் மாறினார், அலமாரி மாறியது, படங்கள் வரவில்லை. அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே இரவல் பத்திரத்தை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எழுதி முடித்தபோது இரண்டு பக்கம் வந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. வரும்போது பொருள் எந்த நிலையில் இருந்தது என்று படத்தோடு குறிப்பு, பொறுப்பாளர்கள் அதை 'கண்டிஷன் ரிப்போர்ட்' என்பார்கள். எங்கே, எந்த வெளிச்சத்தில் வைப்போம். பழுதானால் யார் பொறுப்பு. உரிமையாளர் இறந்துவிட்டால் யாரிடம் திருப்பித் தருவது. கடைசி விஷயத்தை யாரும் எழுதமாட்டார்கள். சண்டை வருவது அங்கேதான். பெரிய இடங்களில் பொருள் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கி மறுபடி அதே சுவரில் ஏறும்வரைக்கும் காப்பீடு எடுப்பார்கள். எங்களால் அது முடியாது, ஆகவே காப்பீடு தேவைப்படுகிற அளவுக்கு விலைமதிப்புள்ள எதையும் இரவல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். கோயில் நகை, தங்கம், ஐம்பொன் எதுவும் வேண்டாம். வடசேரியில் கோயில் நகை செய்யும் கம்மியர் ஒருவர் தன் அச்சுகளை மட்டும் தருகிறேன் என்றார். அச்சுதான் எங்களுக்கும் வேண்டியிருந்தது.

இரவலில் பணம் போகாது. உரிமை கொடுப்பவரிடமே இருப்பதால் அவருக்கும் மனம் வருகிறது. ஆனால் பொறுப்பு முழுக்க நம் தலையில். எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஆனியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை அறைச் சுவரே வியர்க்கும். ஓலைச்சுவடியில் பூஞ்சை, தோலில் பூச்சி, காகிதத்தில் இராமபாணப் பூச்சி. கடலோரத்து உப்புக்காற்றில் செம்பும் வெண்கலமும் வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். நம் பொருள் கெட்டால் வருத்தம். அடுத்தவர் பொருள் கெட்டால் முகத்தில் முழிக்க முடியாது.

நான்காவது வழியில்தான் எனக்கு மனம் போனது, ஒத்துக்கொள்கிறேன். உயிரோடு இருக்கும் கலைஞரிடம் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்குவது. "புதுசு எப்படி மியூசியத்துல வைக்கப் பொருளாகும்?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் தொடங்கியதே அப்படித்தான். 1851 பெருங்கண்காட்சியில் அப்போது புத்தம் புதிதாக வைக்கப்பட்டிருந்த பொருள்களை அரசு கொடுத்த 5,000 பவுனில் வாங்கினார்கள், அதில் இந்தியக் கைவேலைகளும் நிறைய. இன்றைக்கு அவை பழம்பொருள்.

எங்களுக்கு இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, மயிலாடிச் சிற்பியிடம் ஒரு கல் வேலை. இன்னொன்று தோல்பாவை. வீட்டில் மராத்தி பேசிக்கொண்டு, மேடையில் தமிழில் ராமாயணம் நடத்தும் பாவைக்கூத்துக் குடும்பங்கள் குமரி மாவட்டத்தில் இருக்கின்றன. தஞ்சை மராட்டியர் காலத்துத் தொடர்பு என்பார்கள். பழைய பாவைகளை வாங்கினால் என்ன ஆகும்? கூத்துக்காரரின் பெட்டியிலிருந்து சீதையைப் பிடுங்கி எங்கள் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி. அவருக்கு ஒரு சீதை குறையும். புதிதாகச் செய்யச் சொன்னால் அவருக்கு ஒரு மாத வேலை, எங்களுக்கு ஆட்டுத்தோலைப் பதப்படுத்துவதிலிருந்து சாயம் ஏற்றுவதுவரை ஒவ்வொரு படியும் பார்க்கக் கிடைக்கும். துளை போடும் உளிகள், பாதி முடிந்த ஒரு பாவை, முடிந்த ஒரு பாவை என்று மூன்றையும் சேர்த்து வைக்கலாம். எந்தப் பழம்பொருள் கடையிலும் இது கிடைக்காது.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. பணம் கொடுத்தாயிற்று, பொருள் நம்முடையது, என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்தால் அமர்நாத் சேகல் என்ற சிற்பியின் வழக்கைப் பார்க்க வேண்டும். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அரசு அவரைக் கொண்டு ஒரு மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்ய வைத்தது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அவரைக் கேட்காமலே அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள், துண்டுகள் சிதைந்தன. அவர் விடாமல் வழக்கு நடத்தினார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் படைப்பைச் சிதைக்க அரசுக்கு உரிமை இல்லை என்று சொல்லி, எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பதிப்புரிமையும் தனிக் கதை. ஓவியத்தை வாங்கினால் அதைப் படம் எடுத்து நாட்காட்டி அச்சிடும் உரிமை தானாக வராது. பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்குச் சட்டம் வேறு மாதிரி, சிற்பத்துக்கு மறுபடி வேறு மாதிரி. குழப்பமே வேண்டாம் என்று இரண்டு வரி எழுதிக்கொண்டோம்: படம் வெளியிட வாசகசாலைக்கு அனுமதி, கலைஞர் பெயர் எப்போதும் கூடவே வரும், இடம் மாற்றுவதற்கு முன் அவரிடம் சொல்வோம்.

அகழாய்வில் கிடைத்தது, அரசுத் துறைகள் மாற்றிக் கொடுத்தது, மியூசியங்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டது என்று வேறு வழிகளும் உண்டு. அவை எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகம் மண்ணிலிருந்தே பிறந்தது, அது அரசு செய்ய வேண்டிய வேலை. ஆனால் ஒன்றை மட்டும் ஊரில் எல்லாரிடமும் சொல்லி வைத்தோம். வீட்டுக்கு வானம் தோண்டும்போது சிலையோ காசோ கிடைத்தால் அதை வாசகசாலைக்குக் கொண்டுவரக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். விஏஓவிடம் சொன்னால் போதும், மீதி தானாக நடக்கும். சென்னை எழும்பூர் மியூசியத்தின் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளில் நிறைய இந்த வழியில் போய்ச் சேர்ந்தவைதான்.

கரும்பலகையில் இல்லாத ஐந்தாவது வழி ஒன்று நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்ரீபுரந்தான் நடராசரைக் காப்பாற்றியது பூட்டும் இல்லை, போலீசும் இல்லை. யாரோ முன்பே எடுத்து வைத்திருந்த ஒரு புகைப்படம். அப்படியானால் பொருளை எடுக்காமல் அதன் பதிவை மட்டும் எடுத்தால் என்ன? வீடு வீடாகப் போய் குத்துவிளக்கு, பனையேறிகளின் பாளை அரிவாள், நாழி, மரக்கால், கல்யாணப் படம், ஓலைக்கட்டு எல்லாவற்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, யாருடையது, என்ன கதை என்று எழுதி வைப்பது. பொருள் அவரவர் வீட்டிலேயே இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் விடுமுறையில் இதைத் தொடங்கி நூற்றுச் சொச்சம் வீடு முடித்திருக்கிறார்கள். செலவு பஸ் கூலியும் ஹார்ட் டிஸ்க்கும். முகவரியை மட்டும் வெளியே காட்டுவதில்லை. எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் தப்பான கையில் போனால் அதை விட ஆபத்து இல்லை.

கடைசியில் பணத்தை இப்படிப் பிரித்தோம். அலமாரி, ஜன்னல் வலை, வெயிலைத் தடுக்கும் திரை, ஈரப்பதம் காட்டும் கருவி, பூட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றரை லட்சம். செய்யச் சொல்லி வாங்க ஒன்றேகால் லட்சம். விலைக்கு வாங்க ஐம்பதாயிரம், அதிலும் லேஸ் திண்டு போக மிச்சம்தான். மீதி ஒன்றே முக்கால் லட்சம் வங்கியில் வைப்புநிதி, வட்டி பராமரிப்புக்கு. துபாயிலிருந்து வந்த ஒரு தம்பி பார்த்துவிட்டு, "அஞ்சு லட்சத்துக்கு அலமாரியா வாங்கி வச்சிருக்கியோ?" என்று கேட்டான். ஒருவகையில் ஆமாம். பொருளுக்குப் பாதிப் பணம் கூட ஒதுக்கவில்லை. ஆனால் அந்த அலமாரி இருப்பதால்தான் இரவல் கொடுக்க ஆள் வருகிறது. முதல் வருடத்துக்கு இரவலும் பதிவும் பிரதானம், செய்யச் சொல்வது இரண்டே இரண்டு, நன்கொடை அரைப்பக்கக் கொள்கைக்கு உட்பட்டு, விலை கொடுப்பது கடைசி. பத்து லட்சமும் தனிக் கட்டடமும் சம்பளத்துக்கு ஒரு பொறுப்பாளரும் இருந்திருந்தால் வரிசையை மாற்றியிருப்பேன், நன்கொடையை முன்னால் வைத்திருப்பேன். கோடியில் பணம் இருந்தாலும் காகிதம் இல்லாத விளக்கை மட்டும் தொடமாட்டேன்.

சேர்க்கைப் பதிவேட்டில் முதல் எண் எதற்கு என்று ஒரு சின்ன தகராறு. ஆட்டுக்கல் என்றார்கள் சிலர், அதுதான் முதலில் படியேறியது. ஆனால் பதிவேடு வந்த அன்றைக்குக் கையெழுத்தானது வர்ம ஆசான் ஒருவரின் ஓலைக்கட்டு, இரண்டு வருட இரவல். பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். இரண்டு பக்கப் பத்திரத்தையும் வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் இறந்தால் யாரிடம் தருவது என்ற இடத்தில் நிறுத்தி, பேரனின் பெயரைச் சொல்லாமல் பேத்தியின் பெயரைச் சொன்னார். பேரன் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், நிபந்தனை கூடாது என்பது எங்கள் விதி.

"வருசத்துல ஒருக்கா புல்தைலம் போடணும் மக்களே. அத நான்தான் வந்து போடுவேன்" என்றார்.

டீச்சர் பேனாவை வாங்கி, பத்திரத்தின் கடைசியில் அதைத் தன் கையாலேயே எழுதினார்.